மூன்று கோப்புகள், ஒரே சரிவு

நீலகிரிச் சாரலில் ஒரு வனச்சரகத்துக்கு ஆண்டுத் திட்டம் எழுதும் பொறுப்பு முதன்முதலாக என்னிடம் வந்தபோது, மூன்று தலைப்புகள் கொடுத்தார்கள்: காடு மீட்பு, தீத்தடுப்பு, சூழல் சுற்றுலா. மூன்றுக்கும் தனித்தனி நிதி, தனித்தனிக் கோப்பு. நானும் அப்படியே எழுதினேன். காட்டை மூடிப் படரும் அயல்நாட்டுப் புதரான உண்ணிச்செடியை (லாண்டானா) அகற்ற இத்தனை ஹெக்டேர், தீ தாண்டாமலிருக்கப் புல்லை எடுத்துவிடும் தீத்தடுப்புக் கோடு இத்தனை கிலோமீட்டர், மலையேற்றக்காரர்களுக்கு ஒரு பாதையும் அது முடியும் இடத்தில் ஒரு காட்சிமுனையும்.

உண்ணிச்செடியை அந்த ஆண்டு நன்றாகவே எடுத்தோம். வெறுமனே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் செடி அது. வேரின் கழுத்துக்குக் கீழே வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். வேர் மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்துவிடும். அது போன பிறகு சரிவின் முகமே மாறிவிட்டது. மரங்களின் அடி தெரிந்தது, காற்று உள்ளே வந்தது. படம் எடுத்துக் கோப்பில் வைத்து, பணி நிறைவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு மழை கழித்துப் போனால், பெரிய மரங்களின் அடியில் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு உண்ணிக் கன்றுகள். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இருளர் சமூகத்துப் பெரியவர். அவர் கோபப்படவில்லை. "சார், கொண்டைக்குருவி எந்த மரத்துல வந்து உக்காரும்னு எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. பழத்தைத் தின்னுட்டு அங்கதான் எச்சம் போடும்" என்றார். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது என் தவறு.

பிடுங்கும் வேலைக்குப் பணம் ஒதுக்கிய என் திட்டத்தில், அதற்கு அப்புறம் வரும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. மழைக்குப் பின் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். வெறும் மண்ணை விட்டுவைத்தால் பார்த்தீனியம் வந்து பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த இடத்துப் புல் விதைகளையே சேகரித்துத் தூவ வேண்டும். முதுமலையில் மஞ்சக்கொன்னை என்ற அயல்நாட்டு மரத்தோடு நடக்கும் போராட்டமும் இப்படித்தான். மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புவதை டன் கணக்கில் சொல்லிவிடலாம். அடிக்கட்டையில் கிளம்பும் துளிரை ஆண்டுதோறும் கிள்ளுவதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. ஆனால் காடு திரும்பி வருவதும் வராததும் அந்தக் கிள்ளலில்தான் இருக்கிறது.

அன்றைக்கு இறங்கி வரும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாங்கள் கவிழ்த்துப் போட்ட புதர்கள் காய்ந்த விறகாகக் கிடந்தன. அவற்றுக்கு மேலே புல் சரிவு. அந்தச் சரிவில்தான் நான் வரைந்த மலையேற்றப் பாதை ஏறியது. மேலே காட்சிமுனை, அதற்கு அப்பால் செங்குத்துப் பாறை. வேறு வழி கிடையாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது என்பது இந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் மறக்காது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கிக் காய வைத்துக்கொண்டே போகும். மனிதர் ஓடும் வேகம் அதற்கு ஈடாகாது. என் மூன்று கோப்புகளிலும் ஒரே சரிவுதான் இருந்தது. தனித்தனியாகப் பார்த்ததால் எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த திட்டத்தை ஒரே வரைபடத்தில் போட்டேன். காட்சிமுனையை விட்டுவிட்டேன். பாதையைத் தீத்தடுப்புக் கோட்டின் மேலேயே கொண்டுபோய் ஓடைக்கரையில் முடித்தேன். பாதையின் இரு புறமும் உண்ணிப் புதரை முதலில் எடுக்கச் சொன்னேன். புதருக்குப் பின்னால் நிற்கும் யானை பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. அந்தப் பயம் நடப்பவருக்கும் உண்டு, யானைக்கும் உண்டு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதையை மூடவும் எழுதினேன். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது, தீக்காலத்தில் அவற்றை மூடிவைக்கும் வழக்கமும் கூடவே வந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

மாதக் கணக்குதான் எப்போதும் இடிக்கிறது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. தீயோ பிப்ரவரியில் தொடங்கி கோடை மழை வரும் வரை இருக்கும். தீக்காவலர்களின் கூலி சரியாக நடுவில் அறுந்துபோகும். தீத்தடுப்புக் கோட்டைப் புல் முழுதாகக் காய்வதற்குள், ஜனவரியிலேயே முடிக்க வேண்டும். பிப்ரவரியில் வரும் அனுமதி அதற்கு உதவாது. அதனால் ஏப்ரல் கூலிக்கான கோரிக்கையை நவம்பரிலேயே எழுதி அனுப்புவேன். இரண்டு மூன்று முறை திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினேன். இதில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

அந்த நவம்பரில் பெரியவரோடு ஐந்து நாள் நடந்தேன். "அண்ணா, இதுவா? இதுவா?" என்று நான் கேட்கக் கேட்க, குருவி அடையும் மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். சுண்ணாம்பால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தோம். மொத்தம் முப்பத்தொரு மரம். திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பட்டியலைச் சேர்த்தேன்.

நான்காவது ஆண்டு கன்று பிடுங்கப் போன பெண்கள் மத்தியானத்துக்கு முன்பே இறங்கி வந்துவிட்டார்கள். பிடுங்க அவ்வளவுதான் இருந்தது.