மஞ்சப்பையோடு போனால் மறந்துவிடும் பரிசோதனை

ஏற்காட்டை அடுத்த எங்கள் ஊரிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். மசக்கையோடு, முகர்ந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி, ஒரே பரிசோதனைக்காக நான் அவற்றில் மூன்று முறை இறங்கி ஏறினேன்.

ஒன்பதாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறையாமல் அளவில் மட்டும் சிறுத்திருப்பதால் இது வெறும் இரும்புச்சத்துக் குறைவாக இருக்காது, தாலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கேரியராக, அதாவது நோயின்றி அதன் மரபணுவை மட்டும் சுமப்பவளாக நான் இருக்கலாம் என்று சொன்ன மருத்துவர், நான் மாமன் மகனைக் கட்டியவள் என்பதால் கணவருக்கும் சேர்த்தே, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தந்தார். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்குக் கடுமையான தாலசீமியா வர வாய்ப்புண்டு.

நகரத்தில் நாங்கள் போன தனியார் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் கதவு, மெல்லிய வாத்திய இசை, இன்னதென்று விளங்காத நான்கு வண்ணத் தீற்றல்களுக்குச் சட்டம் போட்ட ஓவியம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் "மேடம், எந்த பேக்கேஜ்?" என்று குழைந்த பையன், என் கணவரின் ரப்பர் செருப்பையும் மஞ்சப்பையையும் பார்த்துவிட்டு, "என்னம்மா, ரத்தமா?" என்றான். சீட்டை அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று நான் மகிழ்ந்தது என் மடமை. மாலையில் கிடைத்த மடித்த தாளில் ஒரே வரி: ஹீமோகுளோபின் 9.0.

கேட்டதற்கு, "அது பெரிய டெஸ்ட்டும்மா, காசு அதிகம். உங்களுக்கு எதுக்குன்னு சாதாரணமா போட்டேன். மலையில சொந்தத்துலயே கட்டிக்கிறீங்க, அதான் இப்படி" என்றான். சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் சேலம் நகரத்தில் இல்லையா என்ன? இந்தியாவில் இந்தக் கேரியர்கள் அதிகம் உள்ள சமூகங்களில் சிந்திகளும் பஞ்சாபிகளும் உண்டு. அவர்களில் வசதியானவர்களுக்குக் குறைவில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால் கணவருக்கு விடுப்பில்லை. இரண்டாம் முறை தனியாகப் போய் வேறு கூடத்தில் கொடுத்தேன். ஹீமோகுளோபினில் ஏ2 என்ற வகையின் அளவு 5.4 சதவீதம் (3.5-ஐத் தாண்டினாலே கேரியர் என்கிறார்கள்). இனி அவருடைய இரத்தம்தான் எல்லாம். மூன்றாம் முறை அவரோடு போனபோது அங்கே இயந்திரம் பழுது. பழைய இடத்துக்கே போகச் சொன்னார்கள்.

நல்லவேளையாக அன்று அவர் மைத்துனரின் ஷூவையும் இஸ்திரி போட்ட சட்டையையும் அணிந்திருந்தார். நான் கஞ்சி போட்ட கைத்தறிப் புடவையில் இருந்தேன். "எச்.பி.எல்.சி., ப்ளீஸ்" என்றேன். அதே பையன், "சார், உட்காருங்க" என்றான். எங்களை அவனுக்கு அடையாளம் தெரியவே இல்லை! ஜெயித்த மகிழ்ச்சியைவிட, புடவை பேசியதே என்ற எரிச்சல்தான் எனக்கு அதிகம்.

போகிறவர்கள் பணம் கட்டும் முன் ரசீதில் பரிசோதனையின் பெயரைப் படித்துப் பாருங்கள். ஊதா மூடிக் குழாயில் ஒட்டும் பெயரையும் சரிபாருங்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். இருவரும் கேரியர் என்றால் குழந்தைக்கு நோய் உண்டா என்றறிய நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்ப்பது பொதுவாக 11 முதல் 13 வாரத்துக்குள். அது தவறினால் பனிக்குட நீரை எடுக்க 15 வாரம் ஆக வேண்டும். எனக்கு அதற்குள் பதினான்கு முடிந்திருந்தது.

கணவரின் ஏ2 அளவு 2.6, அவர் கேரியர் இல்லை. முடிவை இம்முறை வழவழப்பான உறையில் போட்டுத் தந்தார்கள். அவர் அதை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார். அத்தை மகனுக்குப் பேசி வைத்திருக்கும் என் தங்கைக்கு வாங்கிய சீட்டும் அதே பைக்குள் இருக்கிறது.