மான்ட்ரியால் பசங்களும் அவங்க கோச்சும்

மான்ட்ரியால் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி டீமுக்கு 2021-22ல 82 மேட்ச்ல வெறும் 55 பாயின்ட், என்ஹெச்எல்லயே (வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) கடைசி இடம். நடு சீசன்ல கோச்சா வந்த மார்ட்டின் செயின்ட் லூயிஸ் அதுக்கு முன்னாடி சின்னப் பசங்களுக்குத்தான் கோச்சிங் பண்ணிருந்தார், இவர் எங்க தேறப் போறார்னு நானும்தான் நக்கலடிச்சேன். அப்புறம் பாத்தா பாயின்ட் 68, 76, 91னு வருஷா வருஷம் ஏறுது, 2025ல ப்ளேஆஃப்ங்கிற நாக்அவுட் சுற்றுக்கும் போயாச்சு (வாஷிங்டன் டீம் அஞ்சே மேட்ச்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அது வேற கதை).

ஆனா எனக்கு பாயின்ட்ட விட டிஃபென்ஸ்ல ஆடுற லேன் ஹட்சன்தான் கணக்கு. எதிரணி ஏரியா ஆரம்பிக்கிற ப்ளூ லைன்ல பக்கோட (ஹாக்கி வட்டு) நின்னு தோள இந்தப் பக்கம் ஆட்டிட்டு அந்தப் பக்கம் நழுவுவான், சில நேரம் பறிகொடுத்துருவான், பாக்குற நமக்கே பக்குன்னு இருக்கும், வேற கோச்சா இருந்தா பெஞ்ச்லயே உக்கார வெச்சிருப்பாரோ என்னவோ, இவர் விட்டுப் பிடிச்சார், முதல் முழு சீசன்லயே 60 அசிஸ்ட் (கோலுக்கு வழி பண்ணின பாஸ்), சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் ட்ராஃபி. அவனோட டிஃபென்ஸ்ல மட்டும் எனக்கு இன்னும் திருப்தி இல்லப்பா.