பி.சி.டி. 0.31

மூன்று வாரமாகத் தீராத அசதிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனைதான். முடிவு இரவு பத்து மணிக்குக் கைப்பேசிக்கு வந்தது. அந்த நேரத்தில் அதைத் திறந்திருக்கக் கூடாது. பட்டியலின் அடியில் ‘பி.சி.டி. 0.31’ என்றிருந்தது. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எச்’, அதாவது அளவுக்கு மேல்.

இணையத்தில் தேடினேன். புரோகால்சிடோனின் என்று வந்தது, ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். நல்ல உடல்நிலையில் 0.1 நானோகிராமுக்கும் கீழே இருப்பது, கடுமையான பாக்டீரியா தொற்று வந்தால் எகிறுமாம். நுரையீரல் தொற்றில் 0.25ஐத் தாண்டினால் ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று வழிகாட்டுதல் வேறு. என்னுடையதோ 0.31. அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர்தான் பழுதோ என்று சந்தேகப்பட்டேனே தவிர, தேடியதைச் சந்தேகிக்கவில்லை.

காலையில் அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். “பி.சி.டி.யா? அது சிறுநீரகத்தில் இருக்கிற நுண்குழாயின் ஒரு பகுதி, சித்தப்பா. நேற்றுதான் படம் வரைந்தேன்” என்றாள் உற்சாகமாக. நுரையீரல் போய்ச் சிறுநீரகம் வந்தது. நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவளே, “எண்ணுக்குப் பக்கத்தில் அலகு என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டாள்.

சதவீதம் என்று போட்டிருந்தது. புரோகால்சிடோனினை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றுதான் சொல்வார்கள். அதில் சதவீதத்துக்கு வேலையே இல்லை. அப்போதுதான் மேல் வரிகளையும் பார்த்தேன்: பிளேட்லெட் எண்ணிக்கை, பிளேட்லெட்டின் சராசரிப் பருமன். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இது, பிளேட்லெட்கிரிட். மொத்த ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு.

நம்ப மனமில்லாமல் நானே போட்டுப் பார்த்தேன். ஒரு மைக்ரோலிட்டரில் 3,10,000 பிளேட்லெட்டுகள். ஒவ்வொன்றும் சராசரியாக 10 ஃபெம்டோலிட்டர். பெருக்கினால் 31 லட்சம் ஃபெம்டோலிட்டர். ஒரு மைக்ரோலிட்டர் என்பது 100 கோடி ஃபெம்டோலிட்டர். வகுத்துச் சதவீதமாக்கினால் 0.31. இயந்திரம் தானாகப் போட்டு அச்சிடும் கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஓர் இரவுத் தூக்கத்தை இழந்திருந்தேன்.

எனக்கு இது முதல் முறையும் அல்ல. முன்பு ஒரு சீட்டில் ‘சி.ஏ.’ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துப் புற்றுநோய் என்று முடிவுகட்டி வேர்த்துப்போனேன். டாக்டர்கள் அப்படியும் சுருக்கி எழுதுவதுண்டு என்று எங்கோ படித்திருந்ததன் பலன். அன்று பார்க்கச் சொன்னது கால்சியம்.

மறுநாள் டாக்டர் அந்த பி.சி.டி. வரியில் கண்ணையே வைக்கவில்லை. சுட்டிக் காட்டினேன். “பிளேட்லெட் எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது, இதை விடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேனாவால் மேலே இரண்டு இடங்களில் வட்டமிட்டார். ஹீமோகுளோபின் 11.2. ஆண்களுக்கு 13க்குக் குறையக் கூடாது. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 74. 80க்கு மேல் இருக்க வேண்டியது. இரண்டின் பக்கத்திலும் ‘எல்’ என்று அச்சாகியிருந்தது. ‘எச்’சைத் துரத்திய அவசரத்தில் அவற்றை நான் தாண்டிப் போயிருந்தேன். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், உறுதிசெய்துவிட்டு, எங்கே குறைகிறது என்று பார்க்கலாம் என்றார். அப்படிக் குறையும்போது பிளேட்லெட் கொஞ்சம் கூடுவதும் உண்டாம்.

புதிய சீட்டில் ‘ஃபெரிட்டின்’ என்று முழுதாக எழுதினார், உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் பரிசோதனை. அடுத்த வரியில் நான்கே எழுத்து: டி.ஐ.பி.சி. கைப்பேசி சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்காமல், “இது என்ன, டாக்டர்?” என்று கேட்டேன். இரும்பைப் பிணைத்து வைத்துக்கொள்ள ரத்தத்துக்கு மொத்தம் எவ்வளவு திறன் இருக்கிறது என்ற அளவாம்.