ராஜாளியைச் சுரண்டிப் பார்த்த வாரம்

மார்ச் 3, செவ்வாய்

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, புதையல் வேட்டைப் படம் ஒண்ணு சொல்லுங்க. பழசா இருந்தாலும் பரவாயில்லை."

யோசிக்காமல் 'தி மால்டீஸ் ஃபால்கன்' என்றேன். 1941இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்தது. ஜான் ஹூஸ்டன் இயக்கிய முதல் படம். துப்பறிவாளர் சாம் ஸ்பேடாக ஹம்ப்ரி போகார்ட். கதை சொல்லும் ஆர்வத்தில் கடைசிக் கட்டத்தையும் உளறிவிட்டேன்: எல்லாரும் தேடும் ராஜாளிச் சிலையின் கறுப்புப் பூச்சைக் கத்தியால் சுரண்டுவார்கள், உள்ளே தங்கம் பளபளக்கும்.

"கறுப்பு வெள்ளைப் படத்துல தங்கம் எப்படித் தெரியும் மாமா?"

வாயடைத்துப் போனேன். நான் பார்த்து இருபது வருஷமாவது இருக்கும். சனிக்கிழமை சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு.

மார்ச் 4, புதன்

சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. முதல் சில நிமிடங்களை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் மேலே நகர்ந்து போகும் எழுத்துகள்: 1539இல் மால்டாவின் டெம்ப்ளர் வீரர்கள் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸுக்கு, அலகு முதல் நகம் வரை மணி பதித்த தங்க ராஜாளியை அனுப்பினார்கள், வழியில் கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை. டெம்ப்ளர் என்ற துறவி வீரர்களின் சபையை 1312இலேயே கலைத்துவிட்டார்கள். மால்டா தீவை 1530இல் சார்லஸிடமிருந்து பெற்றது புனித யோவான் சபை என்ற வேறொரு துறவி வீரர் சபை. அதற்கு அவர்கள் கட்ட வேண்டிய வாடகை, வருஷத்துக்கு ஒரு ராஜாளி. தங்கமில்லை, உயிருள்ள பறவை. அந்த ஒரு வரி வரலாற்றைப் பிடித்துக்கொண்டு டாஷியல் ஹேமட் நாவல் எழுதினார். 1929இல் 'பிளாக் மாஸ்க்' பத்திரிகையில் தொடராகத் தொடங்கி, 1930இல் புத்தகமானது. ஹேமட் பிங்கர்டன் நிறுவனத்தில் துப்பறியும் வேலை பார்த்தவர். அவருடைய முழுப்பெயரே சாமுவேல் டாஷியல் ஹேமட். தன் முதல் பெயரைத்தான் சாம் ஸ்பேடுக்குக் கொடுத்திருக்கிறார்.

ஃபால்கனை வல்லூறு என்றும் எழுதலாம். ஆனால் மன்னருக்கு அனுப்பும் பரிசு என்றால் எனக்கு ராஜாளிதான் வருகிறது.

மார்ச் 7, சனி

பார்த்தாயிற்று. அரை மணி நேரம் ஓடியதும் பையன் கேட்டான்: "மாமா, புதையல் வேட்டைன்னு சொன்னீங்க. ஒருத்தரும் ரூமை விட்டு வெளியவே போகலையே?"

சரியான கேள்வி. வரைபடம் கிடையாது, குகை கிடையாது, மண்வெட்டி கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு அலுவலகம், சில ஹோட்டல் அறைகள், ஸ்பேடின் வீடு. நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் பொய் சொல்கிறார்கள். தோண்டுவதெல்லாம் அடுத்தவன் வாயைத்தான்.

தோண்டுகிறவர்களுக்கெல்லாம் ராஜா, சிலையைத் தேடி அலையும் காஸ்பர் கட்மன். அந்த வேஷத்தில் நடித்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு அப்போது 61 வயது. காலமெல்லாம் நாடக மேடையில் இருந்துவிட்டு அப்போதுதான் சினிமாவுக்கு வருகிறார். ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். முதலில் தெரிவது வயிறு, குறுக்கே கடிகாரச் சங்கிலி, அதற்கும் மேலே எங்கேயோ முகம். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற மனிதர், எதிரில் இருப்பவனை எடை போட்டுக்கொண்டே சிரிக்கிறார்.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான். கட்மன் விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைக்கிறார். ஸ்பேட் கொதித்தெழுகிறார், கண்ணாடி டம்ளரை வீசி உடைக்கிறார், கெடு வைத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறுகிறார். நடைபாதையில் நாலு எட்டு வைத்ததும் முகம் மாறுகிறது. லேசான சிரிப்பு. கோபம் முழுக்க நடிப்பு! சரி, ஆள் கெட்டிக்காரன் என்று நாம் நினைக்கும்போது தன் கையைப் பார்க்கிறார். கை நடுங்குகிறது. அதைப் பார்த்தும் சிரிக்கிறார். வசனமே இல்லை. பையன் திருப்பிப் போடச் சொன்னான், போட்டேன்.

இனி என் மானம் போன கதை. விடிகாலை, ஸ்பேடின் வீடு. பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரிக்கிறார்கள். கறுப்புப் பறவை. கட்மன் பேனாக்கத்தியை எடுத்துப் பதமாகச் சுரண்டுகிறார். அப்புறம் அழுத்தி. அப்புறம் வெறி பிடித்த மாதிரி கொத்துகிறார். ஈயம்! போலி!

பையன் என்னைப் பார்க்கவே இல்லை. அது இன்னும் மோசம்.

தங்கத்தை நான் எங்கே பார்த்தேன்? இந்தப் படத்தில் இல்லவே இல்லை. மணி பதித்த அசல் ராஜாளியை ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை.

கட்மனோடு சேர்ந்து சிலையைத் தேடுகிறவராக வரும் பீட்டர் லோரி, கட்மனைத் திட்டித் தீர்த்துவிட்டு அழுகிறார். கட்மன் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். பதினேழு வருஷம் தேடியாயிற்று, இன்னும் ஒரு வருஷம் தேடினால் கூடுதல் செலவு ஐந்தே ஐந்து சதவீதமும் பதினேழில் பதினைந்து பங்கும் என்று கணக்குச் சொல்கிறார். பையன் போனில் 100ஐ 17ஆல் வகுத்தான். 5.88. "கரெக்டா இருக்கு மாமா" என்றான். எல்லாம் பறிபோன நிமிடத்தில் பின்னக்கணக்கு பிசகாத மனிதர்!

மார்ச் 8, ஞாயிறு

பையன் ஊருக்குப் போய்விட்டான். நான் கடைசி இருபது நிமிடத்தைத் தனியாக இன்னொரு தரம் பார்த்தேன். (படம் பார்க்காதவர்கள் இன்றைய குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.)

நேற்று ஈயத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால் மேரி ஆஸ்டரைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஸ்பேடிடம் உதவி கேட்டு வரும் பிரிஜிட்தான் அவர் வேஷம். பிரிஜிட் ஒவ்வொரு பொய்யையும் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறாள். ஷாட்டுக்கு முன்னால் செட்டைச் சுற்றி ஓடிவிட்டு வந்து நடித்ததாக ஆஸ்டரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஸ்பேட் அவளையும் கத்தி போட்டுத்தான் சுரண்டுகிறார், வார்த்தையால். கூட்டாளி ஆர்ச்சரைக் கொன்றது யார் என்பது வெளியே வருகிறது. அவள்மேல் ஆசையில்லாமல் இல்லை. இருந்தும் போலீசில் ஒப்படைக்கிறார். அந்த வசனத்தைச் சொல்லும்போது போகார்ட்டின் கண் கலங்குகிற மாதிரியும் இருக்கிறது, கல் மாதிரியும் இருக்கிறது. லிஃப்டின் கம்பிக் கதவு அவள் முகத்துக்கு முன்னால் மூடுகிறது. சிறை வேறு எதற்கு?

மார்ச் 10, செவ்வாய்

ஒரு சின்னத் தகவல். இந்த நாவலை வார்னர் ஏற்கெனவே இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள், 1931இலும் 1936இலும். இரண்டாவதில் பெட்டி டேவிஸே நடித்தும் பேர் சொல்லவில்லை. மூன்றாவது தடவை ஸ்பேட் வேஷத்தை முதலில் ஜார்ஜ் ராஃப்டிடம் கொண்டுபோனார்கள். அனுபவமில்லாத இயக்குநர் என்று ஒதுங்கிக்கொண்டார். ஹூஸ்டன் செய்த புத்திசாலித்தனம், நாவலின் வசனத்தில் அதிகம் கை வைக்காமல் விட்டதுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

பையனிடமிருந்து மெசேஜ். படப்பிடிப்புக்குச் செய்த ஈய ராஜாளி ஒன்று 2013இல் நியூயார்க்கில், போன்ஹாம்ஸ் ஏலத்தில், 40 லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறதாம். நானும் தேடிப் பார்த்தேன், உண்மைதான். எடை 45 பவுண்டு, ஏறக்குறைய 20 கிலோ. படத்தின் மொத்தச் செலவே 4 லட்சம் டாலரைத் தொடவில்லை. பண மதிப்பு மாறியதைக் கழித்துக்கொண்டாலும் கட்மன் கேட்டால் கழுத்துப்பட்டையை இன்னொரு முறை இழுத்துவிட்டுக்கொள்வார்.

பதிலுக்கு நான் சான் ஃபிரான்சிஸ்கோவில் பரிட் என்ற சந்து பற்றி எழுதினேன். ஆர்ச்சர் சுடப்பட்ட இடம் ஏறக்குறைய இதுதான் என்று அங்கே சுவரில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள், கொன்றவர் பெயரோடு! புத்தகம் படிக்காதவன் அந்தச் சந்தில் கால் வைக்கவே கூடாது. கடைசியை உளறியவன் நான் மட்டுமில்லை என்று ஒரு ஆறுதல்.

சாயந்திரம் கடைசி நிமிடத்தை மட்டும் போட்டேன். சார்ஜென்ட் போல்ஹாஸ் சிலையைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறதே, என்ன இது என்கிறார். கனவுகள் செய்யப்படும் பொருள் என்கிறார் ஸ்பேட். ஷேக்ஸ்பியரைக் கொஞ்சம் மாற்றிப் போட்ட வரி. ஹேமட்டின் நாவலில் இல்லை. எல்லாரும் படம் அதோடு முடிந்தது என்பார்கள். முடியவில்லை. போல்ஹாஸுக்குப் புரியாமல் "ஹா?" என்கிறார். ஸ்பேட் பதில் சொல்லாமல், அந்த ஈயத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போகிறார்.