வத்தல்மலையில் ஒரு சுற்று

16 நவம்பர் 2024, சனி

கொமத்தம்பட்டி அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு மலையேறும்போது மணி ஏழு. நான்கைந்து கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதுமே காற்று மாறிவிட்டது. பெரியூரில் வண்டியை நிறுத்திவிட்டு நானும் மாமாவும் நடந்தோம். காபித் தோட்டங்களுக்குள் இறங்கி, புல்வெளி ஏறி, மறுபக்கமாக அதே ஊருக்கு வந்து சேரும் சுற்று. நான்கு மணி நேரம் பிடித்தது. செங்குத்தான ஏற்றம் எங்கும் இல்லை. அறுபது தாண்டிய மாமாவே இரண்டு இடங்களில் மட்டும்தான் உட்கார்ந்தார்.

தோட்டம் முழுக்க சில்வர் ஓக். பெயரில்தான் ஓக், அந்த மரத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தது. காபிச் செடிக்கு வெயில் நேராக விழக்கூடாது, இருட்டும் ஆகாது. வெயிலைச் சலித்துக் கொடுக்க இந்த மரம் தோது. மிளகுக் கொடி ஏறுவதற்கும் தண்டு கொடுக்கிறது. கீழே கிடந்த இலையை எடுத்துப் பார்த்தேன். மேலே பெரணி போல வெட்டு வெட்டாகக் கரும்பச்சை, திருப்பினால் வெள்ளி. காற்று வீசும்போதெல்லாம் தோட்டமே ஒரு கணம் வெளுத்து மறுபடி பச்சையாகிறது. மாமா அதைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார்.

புல்வெளியில் ஊசிப்புல் இடுப்பு உயரம். வேட்டியில் தைத்த விதைகளைப் பிடுங்கவே கால் மணி நேரம். அதன் வால் ஈரம் பட்டால் பிரியும், உலர்ந்தால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கி முறுக்கியே விதை மண்ணுக்குள் இறங்கிவிடும்.

புல்வெளி முடியும் இடத்தில் சாமை முற்றி நின்றது. காவலுக்கு உட்கார்ந்திருந்த பாட்டி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். “மழை விட்டால் அடுத்த வாரம் அறுப்பு, கண்ணு” என்றார்.

2 டிசம்பர், திங்கள்

இரண்டாவது சுற்றுக்கு நேற்று போவதாக இருந்தோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, உள்மாவட்டங்களில் கொட்டிவிட்டது. ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் சொன்னார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தச் சாமைதான் நினைவு. அறுத்திருப்பார்களா?

21 டிசம்பர், சனி

தோட்டத்துப் பாதை பல இடங்களில் அரித்திருந்தது. வேர்களைப் பிடித்துத்தான் இறங்க முடிந்தது. மாமாவைக் கூட்டி வராதது நல்லதாயிற்று. காபிப் பழங்கள் சிவந்திருந்தன, பறிப்பு நடக்கிறது. புல்வெளி பழுப்பேறிச் சாய்ந்து கிடந்தது.

சாமைக் கொல்லையில் தாள் மட்டும் நின்றது. பாட்டி களத்தில் இருந்தார். புயலுக்கு முன்பே அறுத்துவிட்டார்களாம். ஆனால் வீட்டுக்குள் இடம் போதாமல் பாதியை வெளியில் போராக வைத்திருந்தார்கள். அடிக்கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். கதிரிலேயே முளை விட்டு, வெள்ளை நூலாக வேர் ஒன்றோடொன்று பின்னியிருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. அவர் அதை மாட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு, மேல்கட்டிலிருந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். உமி பறந்து பொடி மணிகள் நின்றன.

“இது நன்றாக இருக்கிறது, பார்” என்று என் கையில் கொட்டினார். பிறகு தடியை எடுத்து மறுபடி அடிக்கத் தொடங்கினார். நானும் ஒரு தடி எடுத்துக்கொண்டேன். இன்று சுற்றை முடிக்கவில்லை.