காங்கரீ காட்டில் தரையைப் பார்த்து நடந்தோம்

அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட் நகரில் குடியேறி ஆறு வருடமாகிறது, வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரங்களின் பேர் எனக்குத் தெரியாது. ஊசி இலை இருந்தால் பைன், இல்லாவிட்டால் ஓக், அவ்வளவுதான் என் ஞானம். தென்காசியிலிருந்து அப்பா வந்து இறங்கிய மறுநாளே வாசலில் நின்றுகொண்டு "இது என்ன மரம்டே?" என்று ஆரம்பித்துவிட்டார். நாலு நாள் சமாளித்தேன். அப்புறம் ஒரு நவம்பர் சனிக்கிழமை புளியோதரையைக் கட்டிக்கொண்டு தென் கரோலினாவில் இருக்கிற காங்கரீ தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது.

வரவேற்பு மையத்தில் கொசுவுக்கென்றே ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறார்கள், அதில் உச்சக் கட்டத்துக்குப் பெயர் 'போர்க்களம்'. நாங்கள் போன அன்று முள் அடியில் கிடந்தது. அங்கிருந்தே மரப்பலகை நடைபாதை தொடங்குகிறது, சுற்றி வர இரண்டரை மைல். ஆற்று வெள்ளம் வருடத்தில் பல தடவை ஏறி இறங்குகிற சதுப்புக் காடு இது. தென்கிழக்கு அமெரிக்காவில் இந்த மாதிரிக் காட்டையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டார்கள், கோடரி படாமல் தப்பிய பெரிய துண்டு இதுதான். 1976-இல் பாதுகாப்புக்குள் வந்து 2003-இல் தேசியப் பூங்கா ஆனது.

போனில் மரம் கண்டுபிடிக்கிற ஆப் வைத்திருந்தேன். பிரச்சினை என்னவென்றால் இங்கே மரங்கள் ஒவ்வொன்றும் நூறு அடி, லாப்லாலி பைன் சில 160 அடிக்கும் மேலே, இலை எங்கேயோ வானத்தில் இருக்கிறது. பட்டையைப் படம் எடுத்தால் ஒரே மரத்துக்கு மூன்று தடவை மூன்று பெயர் சொல்கிறது. அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை, குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் கிடைத்தது முள்ளு முள்ளாக ஒரு உருண்டை. "ஊமத்தங்காய் மாதிரி இருக்கே." அது ஸ்வீட்கம் மரத்தின் காய். பக்கத்திலேயே ஐந்து முனை நட்சத்திரமாக அதன் இலை கிடந்தது, கசக்கினால் பிசின் வாசனை. பைன் என்றால் உதிர்ந்த ஊசிகளை எண்ண வேண்டும், லாப்லாலிக்குக் கொத்துக்கு மூன்று. ஓக்தான் என்னை நன்றாக ஏமாற்றியது. இலை ஓரம் வெட்டி வெட்டி மடல் மடலாக இருந்தால்தான் ஓக் என்று நினைத்திருந்தேன். லாரல் ஓக்கின் இலையில் மடலே கிடையாது, மாவிலையைச் சின்னதாக்கினது போல இருக்கிறது, அடியில் கிடக்கிற தொப்பி போட்ட கொட்டையைப் பார்த்துத்தான் ஓக் என்று நம்பினேன். மடல் இருக்கிற ஓக்குகளில் நுனியில் மயிர் போல முள் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் கூட்டம், நுனி மழுங்கியிருந்தால் வெள்ளை ஓக் கூட்டம். ஆனால் ஒரே ஒரு இலையை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, காற்று பக்கத்து மரத்து இலையையும் கொண்டுவந்து போடும்.

தண்ணீர் தேங்கிய இடத்துக்கு வந்ததும் அப்பா நின்றுவிட்டார். "ஏலே, இவ்வளவு ஈரத்திலயா கரையான் புத்து?" புற்று இல்லை, பால்ட் சைப்ரஸ் மரத்தின் வேர்கள் முட்டி முட்டியாக மண்ணுக்கு மேலே எழும்பி நிற்கின்றன. எதற்காக என்று இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கூம்பு காய்க்கிற இனமாக இருந்தும் இலையுதிர்காலத்தில் மொட்டையாகிவிடும், பேரில் 'பால்ட்', அதாவது 'மொட்டை', வந்தது அதனால்தான். செம்பு நிறத்தில் உதிர்ந்து கிடந்ததை எடுத்துப் பார்த்தோம், தனித்தனி இலையாக இல்லை, நெல்லிக் கொத்து போல ஈர்க்கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் சைப்ரஸ் மாதிரியே அடி பெருத்து நின்றது டூப்பலோ மரம். அதற்கு இந்த முட்டிகள் கிடையாது, இலை அகலம். நடுவே தண்டே இல்லாமல் விசிறி ஓலையோடு குட்டைப் பனை. "வடலி!" என்றார் அப்பா, அமெரிக்காவுக்கு வந்து முதல் தடவையாகத் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி.

காட்டைப் பிரியவே மனமில்லாமல் கடைசியில் புளியோதரையைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து என் முழங்கைக்குக் கீழே கோடு கோடாகத் தடித்து, கொப்புளம் போட்டு, தூங்கவிடாமல் அரித்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சேங்கொட்டைப் பால் பட்ட மாதிரி இருக்கு." எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்தேன். ஒரு பைன் மரத்தில் நான் சாய்ந்து நின்று சிரிக்கிறேன், கைக்குப் பின்னால் கம்பளிப்பூச்சி போல மயிர் முளைத்த தடித்த கொடி ஒன்று ஏறிப் போகிறது. பாய்சன் ஐவி, தொட்டால் அரிக்கிற கொடி. மூன்று இலை சேர்ந்திருந்தால் தொடாதே என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் நவம்பரில் அதற்கு இலையே இல்லை. மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் இருக்கிற குடும்பம்தான் அதற்கும். அப்பா குடும்பப் பேரெல்லாம் கேட்கவில்லை, தேங்காய் எண்ணெய் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்.