ஜிமேட்டை மறுபடி எழுதுவதா, விட்டுவிடுவதா?

எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் எதிர்பார்த்தது 645, திரையில் வந்தது 605 என்று வைத்துக்கொள்வோம். அப்போதே அடுத்த தேதியைப் பதிவு செய்யக் கை துறுதுறுக்கும். செய்ய வேண்டாம். இரண்டு தேர்வுகளுக்கு நடுவே எப்படியும் 16 நாள் இடைவெளி விட்டாக வேண்டும், 12 மாதத்தில் ஐந்து முறைக்கு மேல் எழுதவும் முடியாது. இரண்டு நாள் ஆறப்போடுவதால் எதுவும் கெட்டுப்போகாது.

முதலில் அந்த 40 என்பது உண்மையில் எவ்வளவு என்று பாருங்கள். மொத்த ஸ்கோர் 205-இலிருந்து 805 வரை. குவான்ட் (கணக்கு), வெர்பல் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்), டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளைப் படித்து விடை காண்பது) மூன்றுக்கும் தனித்தனியே 60-இலிருந்து 90 வரை, மூன்றுக்கும் ஒரே எடை. கணக்குப் போட்டால், ஏதாவது ஒரு செக்‌ஷனில் ஒரு புள்ளி ஏறினால் மொத்தத்தில் ஏறத்தாழ 6.7 ஏறும். குவான்ட் 82, வெர்பல் 81, டேட்டா இன்சைட்ஸ் 77 என்றால் கூட்டு 240, அதுதான் 605. 645-க்கு கூட்டு 246 வேண்டும். ஆக, துண்டு விழுவது ஆறு புள்ளிதான். "இன்னும் நாற்பது ஏத்தணும்" என்றால் மலைப்பாக இருக்கும். டேட்டா இன்சைட்ஸில் நாலு, வெர்பலில் இரண்டு என்று பிரித்தால் என்ன படிப்பது என்றாவது தெரியும்.

இதையே திருப்பியும் பார்க்கணும். 20 வித்தியாசம் என்பது மூன்றே புள்ளி. அதே ஆள், அதே தயாரிப்போடு வேறொரு நாள் உட்கார்ந்தால் அவ்வளவு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். 625-ஐ 645 ஆக்குவதற்காக மட்டும் ரீடேக் போவது, மற்ற காரணங்கள் இல்லாவிட்டால், வீண் என்பேன்.

அடுத்து மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு. கடைசியாக எழுதிய இரண்டு மூன்று அதிகாரப்பூர்வ மாக்குகளை மட்டும் எடுங்கள். வெளி நிறுவனங்களின் மாக்குகள் பயிற்சிக்கு நல்லவை, ஸ்கோரைக் கணிக்க நம்ப முடியாது. மாக்கில் 645, 655 வந்து தேர்வில் 605 என்றால், அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது: தூக்கம், பதற்றம், ஒரு செக்‌ஷனில் நேரம் போனது. ரீடேக் எழுதலாம், அதுவும் சீக்கிரமே. மாக்கில் 595, 615 வந்திருந்தால் தேர்வு உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. அதே புத்தகங்களை அதே மாதிரி இன்னொரு சுற்று புரட்டினால் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். மாக்கை விடத் தேர்வில் கூடுதலாக வந்திருந்தால், எடுத்துக்கொண்டு நகருங்கள்.

மாக் ஸ்கோரே பொய்யாக இருக்கவும் வாய்ப்புண்டு. ரீசெட் செய்து இரண்டாம் முறை எழுதும்போது பார்த்த கேள்விகள் திரும்ப வரும். விடை நினைவில் இல்லாவிட்டாலும் வழி நினைவில் இருக்கும். நடுவில் நிறுத்திவிட்டு ஃபோன் பேசிய மாக்கும், மூன்று செக்‌ஷனை மூன்று நாளில் எழுதிய மாக்கும் கணக்கில் சேராது. உண்மைத் தேர்வில் மொத்தம் 2 மணி 15 நிமிடத்துக்கு ஒரே ஒரு 10 நிமிட இடைவேளைதான்.

ஸ்கோர் ரிப்போர்ட் வந்ததும் மொத்த எண்ணை விட்டுவிட்டு நேரம் பற்றிய பகுதியைத் திறங்கள். குவான்டில் 45 நிமிடத்துக்கு 21 கேள்வி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். ஒரு கேள்வியில் நாலரை நிமிடம் போய் அதுவும் தப்பாகி, கடைசி நான்கு கேள்விகள் முப்பது முப்பது வினாடியில் முடிந்திருந்தால், அது கணக்குத் தெரியாத பிரச்சினை இல்லை, விட மனம் வராத பிரச்சினை. இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும். தேவை புதுப் பாடம் இல்லை. மூன்று நிமிடம் தொட்டதும் ஏதோ ஒரு விடையைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம். கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு நேரம் முடிந்தால் தண்டனை அதைவிடப் பெரிது. விடைகளைத் திரும்பிப் பார்த்து மாற்றும் வசதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. செக்‌ஷனுக்கு மூன்று விடைதான் மாற்றலாம், அதுவும் எல்லாக் கேள்வியையும் முடித்து நேரம் மிஞ்சினால். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எட்டு கேள்வியை புக்மார்க் செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த மிச்ச நேரம் வருவதே இல்லை.

நேரம் சமமாகப் போயிருந்தும் ஒரே வகைக் கேள்வியில் தவறுகள் குவிந்திருந்தால் கதை வேறு. டேட்டா இன்சைட்ஸில் அட்டவணையும் வரைபடமும் சரி, டேட்டா சஃபிஷியன்ஸி (கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கும் கேள்வி) மட்டும் சறுக்குகிறது என்றால் அடித்தளத்தில் ஓட்டை. ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்குங்கள். 16-ஆம் நாளே போய் உட்காராதீர்கள். பழைய பயிற்சித் தவறுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "தெரியவில்லை", "தெரிந்தும் நேரமாகிவிட்டது", "தெரிந்தும் தப்பாகிவிட்டது" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ஐம்பது அறுபது தவறு எழுதினாலே எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். மூன்றாவது வகைதான் அதிகம் என்றால் இன்னும் ஆயிரம் கேள்வி போடுவதால் குறையாது. கேள்வியின் கடைசி வரியை, என்ன கேட்கிறார்கள் என்பதை, ஸ்கிராட்ச் போர்டில் எழுதிவிட்டுத் தொடங்கினால் குறையும்.

கல்லூரிப் பக்கம் சுருக்கமாக: சராசரியோடு ஒப்பிட்டு நொந்துபோகாமல், நடுப்பகுதி 80 சதவீதத்தினரின் ஸ்கோர் வரம்பைப் பாருங்கள், பல கல்லூரிகள் வெளியிடுகின்றன. பழைய ஜிமேட் எண்களோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம், இன்றைய 645 பழைய 700-க்கு இணை. வரம்புக்குள் இருந்தால் அடுத்த மாதத்தை கட்டுரைகளுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் கொடுப்பதே லாபம். விதிவிலக்கு, பட்டப்படிப்பில் கணிதமே இல்லாமல் குவான்ட் ஸ்கோரும் தாழ்ந்து இருப்பவர்கள். அவர்களுக்கு மொத்தம் ஏறாமல் குவான்ட் மட்டும் ஏறினாலும் ரீடேக் வீண் போகாது.

இரண்டாவது ஸ்கோர் குறைந்தால் என்னாகும் என்ற பயம் தேவையில்லை. ஸ்கோரைப் பார்த்த பிறகு நீங்கள் அனுப்புவது மட்டும்தான் கல்லூரிக்குப் போகும்.

இரண்டு முறை எழுதியும் வெர்பலோ டேட்டா இன்சைட்ஸோ அசையவில்லை என்றால் மூன்றாவது முறைக்கு முன், மேற்படிப்புச் சேர்க்கைக்கான இன்னொரு தேர்வான ஜிஆர்இ-யில் ஒரு மாக் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான பிசினஸ் ஸ்கூல்கள் இரண்டையும் ஏற்கின்றன. அதில் டேட்டா இன்சைட்ஸ் போல தனி செக்‌ஷன் கிடையாது, குவான்டில் கால்குலேட்டர் உண்டு. ஆனால் ஜிமேட்டில் இப்போது இல்லாத ஜியாமெட்ரி திரும்ப வரும், சொல்வளம் நிறைய வேண்டும். ஐந்தாண்டு செல்லும் ஸ்கோர்தான் அதுவும்.

தேதியைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். விண்ணப்பக் கெடுவுக்கு மூன்று வாரம் முன்னதாகத் தேர்வு முடிகிற மாதிரி பின்னோக்கி எண்ணுங்கள்; புதிதாக எழுதும் இரண்டு அதிகாரப்பூர்வ மாக்கிலாவது இலக்கு ஸ்கோர் வராமல் பணம் கட்ட வேண்டாம்.